இருளில் இரண்டு ஒளிப்புள்ளிகள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். ஆடுகள் குட்டி ஈனும் பருவத்துக் குளிர் இரவு. மேய்ச்சல் நிலத்தின் ஓரமாக ஒரு வண்டி நிற்கிறது. அதன் மேலிருந்து பாயும் விளக்கொளி புல்வெளியை மெல்லத் தடவிச் செல்கிறது. வெகு தொலைவில் இரண்டு புள்ளிகள் மின்னி, அணைந்து, மீண்டும் மின்னுகின்றன. துப்பாக்கியின் மேல் பொருத்திய தொலைநோக்கியில் கண் பதித்திருப்பவரின் கை, அதன் உச்சியிலுள்ள சிறு திருகைத் தேடுகிறது. 'டிக், டிக், டிக்' என்று சில ஓசைகள். பிறகு மௌனம்.

நம் குழுவில் எவரும் துப்பாக்கி ஏந்தியவர் அல்லர். ஆயினும், வானியல் வரலாற்றைப் படிக்கப் புகுந்த நாம் எதிர்பாராமல் வந்து நின்ற இடம் இந்தத் திருகு. விண்மீன்களை அளக்கப் பிறந்த ஒரு கருவி, நள்ளிரவில் நரி வேட்டையாடும் ஒருவரின் கையில் எப்படிப் போய்ச் சேர்ந்தது? அது தருவதாகச் சொல்லும் தொலைவை இருள் எந்த அளவுக்கு அனுமதிக்கிறது? இவ்விரண்டு வினாக்களே இக்கட்டுரைக்கு வித்து.

முதலில் நரியைப் பற்றி ஒரு சொல். நம் கதைகளிலும் திருவிளையாடலிலும் வருகின்ற நரி வேறு. ஆங்கிலேயன் நாய்க்கூட்டத்தோடு குதிரையேறித் துரத்திய செந்நரி வேறு. உதகையில் குடியேறிய வெள்ளையருக்குச் செந்நரி கிடைக்கவில்லை. ஆகவே சீமையிலிருந்து வேட்டைநாய்களை மட்டும் வரவழைத்துக்கொண்டு, நீலகிரிப் புல்வெளிகளில் நம் நரியையே துரத்தி மனநிறைவு அடைந்தார்கள். விக்டோரியாவில் குடியேறியவர்களோ டிங்கோவையும் கங்காருவையும் துரத்திப் பார்த்துச் சலித்துப்போனார்கள். 1850களிலிருந்து கப்பலில் செந்நரிகள் வந்திறங்கின. 1870களில் மெல்போர்னை அடுத்த நிலங்களில் அவை வேரூன்றிவிட்டன. அதற்கு முன்பே, 1859இல், கீலாங் அருகே தன் பண்ணைக்குத் தாமஸ் ஆஸ்டின் என்பவர் இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்து வைத்திருந்தார். அந்தக் கண்டத்தை மூடிய முயல் வெள்ளத்தின் பெரும்பகுதி அந்த ஒரே வரவிலிருந்து பெருகியதுதான் என்று 2022இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. முயல் முன்னே செல்ல, நரி பின்னே சென்றது. 1910களின் தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் நரி நுழைந்துவிட்டது. வெப்ப மண்டல வடபகுதி நீங்கலாகப் பெருநிலம் முழுவதும் இன்று அதன் ஆட்சிதான்.

விளையாட்டுக்காக இறக்கிய விலங்கு, ஒரு தலைமுறைக்குள் குற்றவாளிப் பட்டியலில் ஏறிவிட்டது. ஆட்டுக்குட்டிகள் போனது ஒரு பக்கம். ஏறத்தாழ 35 கிராம் முதல் ஐந்தரைக் கிலோ வரை எடையுள்ள உள்நாட்டுப் பாலூட்டிகளே அக்கண்டத்தில் மிகுதியாக அழிந்தன என்பதை 1989இல் பர்பிட்ஜ், மெக்கென்சி என்னும் இரு ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். அந்த அழிவுக்குக் காரணங்கள் பல எனினும், ஒரு நரியின் வாய்க்கு அடங்கும் அளவும் இதுவே. கறையானுண்ணியான நம்பட் என்னும் அழகிய சிறுவிலங்கு, மேற்கு ஆஸ்திரேலியாவின் இரண்டே காட்டுப்பகுதிகளில் எஞ்சும் நிலைக்குச் சுருங்கியது. ஆக, துரத்திக் களித்த மகிழ்ச்சி, சுட்டுத் தீர்க்க வேண்டிய கடமையாக மாறிற்று. பகலில் பதுங்கி இரவில் இரைதேடும் விலங்கை இரவில்தானே தேட வேண்டும்?

நிற்க. இனித் திருகின் கதைக்கு வருவோம்.

1640ஐ ஒட்டிய ஆண்டுகள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வில்லியம் காஸ்காய்ன் என்றோர் இளைஞன். திறந்து கிடந்த அவன் தொலைநோக்கிக்குள் சிலந்தியொன்று நூல் கட்டிவிட்டது. கண்ணை வைத்துப் பார்த்தவனுக்கு வியப்பு! தொலைவிலுள்ள பொருளும் அந்த நூலும் ஒருசேரத் தெளிவாகத் தெரிந்தன. வில்லை பிம்பத்தைக் குவிக்கும் அதே தளத்தில் நூல் தற்செயலாக அமைந்துவிட்டது. பிம்பத்தின் மேலேயே கோடு கிழித்தாற் போன்ற இந்த வாய்ப்பை அவன் நழுவவிடவில்லை. குறுக்கிழைகளை அமைத்தான். நுண்ணிய மரையுள்ள திருகொன்றால் நகரும் இரு முனைகளை வைத்துக் கோள்களின் கோணவிட்டத்தை அளந்தான். திருகை எத்தனை சுற்றுச் சுற்றினோம் என்பதே அளவு. 1644இல் உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்று அவன் மாண்டபோது வயது முப்பதைச் சற்றே தாண்டியிருக்கும். ரிச்சர்ட் டவுன்லி 1667இல் இலண்டன் அறிஞர் கழகத்தின் முன் எடுத்துவைக்கும் வரையில் அந்தக் கருவியை உலகம் அறியவில்லை.

காஸ்காய்னின் இழையும் திருகும் நம்மூருக்கும் வந்தன. 1802இல் பரங்கிமலையில் நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டனின் அரை டன் எடையுள்ள தியோடலைட்டில் இருந்தவை அவற்றின் வாரிசுகளே. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உயரத்துக்கு ஏற்றுகையில் கயிறு அறுந்து சுவரில் மோதி அது சிதைந்த கதையை நம் வாசகர்கள் அறிந்திருப்பார்கள். பின்னாளில் எவரெஸ்ட்டின் காலத்தில், பகலின் தூசும் கானலும் தொல்லை தந்ததால், தொலைவிடங்களில் இரவில் விளக்கேற்றிக் குறிபார்த்தார்கள். இருளில் தெரியும் ஓர் ஒளிப்புள்ளியின் மீது குறுக்கிழையை நிறுத்துதல்! நரி வேட்டைக்காரர் செய்வதும் அதுதான். ஒரேயொரு வேறுபாடு உண்டு. எவரெஸ்ட்டுக்கு, அந்த விளக்கைப் பிடித்திருப்பவர் யார் என்று தெரியும்.

துப்பாக்கியின் மேல் தொலைநோக்கி ஏறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில். நியூயார்க் மாநிலத்துச் சிராக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் 1855 முதல் செய்து விற்ற நீண்ட குழாய்களில் உள்ளே நகரும் உறுப்பு ஏதும் இல்லை. குறியை உயர்த்த வேண்டுமானால் குழாயையே அதன் தாங்கியில் திருகி உயர்த்த வேண்டும். வியன்னாவில் 1898இல் தொடங்கிய காலெஸ் நிறுவனமும் ஜெர்மானியக் கண்ணாடிக் கலைஞர்களும் இதை வேட்டைக்காரர்களின் கருவியாக்கினர். அமெரிக்காவில் 1930இல் பில் வீவர் விலைமலிவாக ஒன்றைச் செய்து, சாதாரண உழவரும் வாங்கும்படி ஆக்கினார். இழையைக் குழாய்க்குள்ளேயே நகர்த்தும் ஏற்பாடு பரவிய காலம் இது. அதில் ஒரு சங்கடம் இருந்தது. திருகத் திருகக் குறுக்கிழை காட்சியின் நடுவிலிருந்து விலகி ஓரத்தில் போய் நிற்கும். நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு, இழை நடுவிலேயே நிற்கப் பிம்பம் மட்டும் நகரும் அமைப்பு பொதுவழக்காயிற்று. இன்று 'டிக்' என்று ஒலிப்பது அந்தத் திருகு.

ஒரு 'டிக்' என்பது எவ்வளவு? பாகையை அறுபது கூறாக்கினால் ஒரு கூறு. நம் பழைய கணியர்கள் 'கலை' என்பார்கள். பெரும்பாலான வேட்டைத் தொலைநோக்கிகளில் ஒரு டிக், கலையில் கால் பங்கு. நூறு கெஜத்தில் அது கால் அங்குலம், அதாவது ஏழு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. (தோட்டா அட்டவணைகள் கெஜத்திலேயே பழகிவிட்டதால் நாமும் கெஜத்திலேயே சொல்கிறோம்.)

எத்தனை டிக் வேண்டும் என்பதைப் புவியீர்ப்பு முடிவு செய்கிறது. நரி வேட்டையில் பெரிதும் பழக்கமான .223 ரெமிங்டன் தோட்டா நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் வேகத்தில் புறப்படும். நூறு கெஜத்தில் குறிக்கு நேராகப் படும்படி தொலைநோக்கியை அமைத்துவிட்டோம் என்று கொள்வோம். இருநூறு கெஜத்தில் அது குறிக்குக் கீழே ஏழெட்டு சென்டிமீட்டர் இறங்கும். முந்நூறில் முப்பது சென்டிமீட்டர். தொலைவு மும்மடங்கு ஆனதற்கே இந்த இறக்கம். வேகம் குறையக் குறைய, ஒவ்வொரு கெஜத்தையும் கடக்க அதிக நேரம் எடுப்பதால் வரும் வினை இது. இருநூறுக்கு ஆறு டிக், முந்நூறுக்குப் பதினைந்து. சிலர் இதை ஒரு துண்டுத்தாளில் எழுதித் துப்பாக்கியின் கட்டையில் ஒட்டிவைத்திருப்பார்கள்.

பழைய கைகள் பலர் திருகைத் தொடுவதே இல்லை. இருநூறு கெஜத்துக்கு ஒரேயடியாக அமைத்துவிட்டால், கிட்டத்திலிருந்து இருநூற்றிருபது கெஜம் வரை தோட்டா குறிக்கு மேலோ கீழோ நான்கைந்து சென்டிமீட்டருக்குள் அடங்கும். நரியின் உயிர்நிலை பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டம். அதற்கு அப்பால் நின்றால் விட்டுவிடுவது என்று முடிவு. நமக்கு இந்த வழியில் ஒரு மதிப்பு உண்டு. ஏனெனில், இருட்டில் பதினைந்து டிக் ஏற்றியவர் சுட்டபின் அதை இறக்க மறந்தால், அடுத்த நரி நூறு கெஜத்தில் நிற்கும்போது தோட்டா பத்து சென்டிமீட்டர் மேலே போகும். தவறிப்போனால் நல்லது, முதுகைக் கிழித்துக்கொண்டு போனால், புதருக்குள் ஓடிக் கிடந்து சாகும் அந்த உயிரின் வேதனைக்கு யார் பொறுப்பு? (திருகு தொடக்கநிலைக்குக் கீழே போகாதபடி தடுக்கும் முளையைப் பிற்காலத் தொலைநோக்கிகளில் வைத்தது இந்த மறதியை அறிந்துதான்.)

ஆனால் இவையெல்லாம் பகலுக்கும் பொதுவானவை. இரவு தன் பங்குக்கு மூன்று முடிச்சுகளைப் போடுகிறது.

முதலாவது, ஒளி. தொலைவில் உள்ளதைச் சுடப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும், பெரிதாக்கினால் இருண்டுபோகும். கணக்கு எளியது. பொருளருகு வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்குள் நுழையும் ஒளிவட்டத்தின் விட்டம் கிடைக்கும். 56 மில்லிமீட்டர் வில்லையும் எட்டு மடங்குப் பெருக்கமும் என்றால் ஏழு மில்லிமீட்டர். இளையவரின் கண்மணி இருளில் விரியும் எல்லையும் ஏறத்தாழ அதுவே. நிலவொளியில் காட்டுப்பன்றிக்குக் காத்திருக்கும் ஜெர்மானியர் எட்டு மடங்கு, 56 மில்லிமீட்டர் என்னும் அளவைத் தங்கள் இரவுக் கருவியாக ஏற்றது தற்செயல் அன்று. அதே வில்லையில் இருபத்துநான்கு மடங்குக்குத் திருகினால் காட்சியின் ஒளி ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பியனுப்பிவிடும். பத்துப் பரப்புகளைத் தாண்டுவதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 1935இல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்த மெல்லிய பூச்சு இந்த இழப்பை வெகுவாகத் தடுத்தது. இரவு வேட்டையின் வரலாற்றில் எந்தத் திருகையும்விடப் பெரிய நிகழ்ச்சி அது என்பது நம் கருத்து.

இரண்டாவது முடிச்சு சற்று நுட்பமானது. திருகைத் தொடாமல், குறுக்கிழையில் கீழ்நோக்கி இட்ட சிறு கோடுகளைக் கொண்டே தொலைவுக்கு ஏற்ப உயர்த்திக் குறிபார்ப்பது ஒரு முறை. அமெரிக்க மரபில் இந்த இழை, உருப்பெருக்கும் வில்லைகளுக்குப் பின்னால் நிற்கும். ஆகவே கோடுகளின் அளவு ஒரேயொரு பெருக்கத்தில்தான் உண்மை பேசும். பகலில் பன்னிரண்டு மடங்கில் பழகியவர், இரவில் ஒளிக்காக ஆறு மடங்குக்கு இறக்கினால் ஒவ்வொரு கோடும் இரு மடங்கு பொய் சொல்லும். ஐரோப்பிய மரபில் இழை முன்னால் நிற்பதால் பொய் இல்லை. ஆனால் பெருக்கம் குறையும்போது இழையும் மெலிந்து இருளோடு கலந்துவிடும். அதனால்தான் ஐரோப்பியர் மூன்று பக்கமும் தடித்த கம்பிகளை வைத்தார்கள். பின்னர் நடுவில் சிவப்பாக ஒளிரும் ஒரு புள்ளியையும் சேர்த்தார்கள்.

மூன்றாவதே பெருமுடிச்சு. எவ்வளவு தொலைவு என்று தெரிந்தால்தானே எத்தனை டிக் என்று தெரியும்? பகலில் மரமும் வேலியும் நிழலும் தொலைவைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இரவில் விளக்கொளிக்குள் மிதப்பவை இரண்டு புள்ளிகள் மட்டுமே. அவற்றுக்குப் பின்னணி இல்லை, அளவும் இல்லை. நரியின் விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒளிரும் படலம் விளக்கொளியை அப்படியே திருப்பியனுப்புகிறது. பெருவிளக்கின் ஒளியில் வெகு தொலைவிலிருந்தும் அது பளிச்சிடும். கிட்டே இருப்பதாக ஏமாற்றும். இருநூற்றைம்பது கெஜத்தில் நிற்பதை முந்நூறு என்று கணித்துத் திருகினால் தோட்டா ஏழு சென்டிமீட்டர் உயரே போகும். முன்சொன்ன வட்டத்தின் ஆரமோ ஐந்து சென்டிமீட்டர். போதாததற்குக் காற்று வேறு. மணிக்கு பதினாறு கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று, முந்நூறு கெஜத்தில் இத்தோட்டாவை ஒரு சாணுக்கு மேல் தள்ளிவிடும். இரவில் புல் அசைவதை எங்கே காண்பது? லேசர் தொலைவுமானி 1990களில் வேட்டைக்காரர் கைக்கு வந்தபின் தொலைவின் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. காற்றின் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது.

நரித்தோலுக்கு நல்ல விலை இருந்த 1970களிலும் 80களிலும், ஆஸ்திரேலிய வேட்டைக்காரர்கள் இந்த முடிச்சுகளை வேறு விதமாக அவிழ்த்தார்கள். தோல் கிழியக் கூடாது. ஆகவே சிறு தோட்டா. சிறு தோட்டா என்றால் கிட்டத்திலிருந்து சுட வேண்டும். அடிபட்ட முயலைப் போல ஒலியெழுப்பும் ஊதுகுழலை வாயில் வைத்து நரியைத் தம்மிடமே வரவழைத்தார்கள். விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடியிட்டு அதன் அச்சத்தைக் குறைத்தார்கள். தொலைவை வெல்வதற்குப் பதிலாகத் தொலைவையே இல்லாமல் செய்த அந்தக் கலையில், பொருளாசை கலந்திருந்தாலும், ஒரு பெருந்திறமை இருந்தது. தோலின் விலை வீழ்ந்தபின் அந்தப் பொறுமைக்கும் விலை குறைந்துவிட்டதோ என்னவோ!

அடுத்து வந்தது வெப்பக் காட்சி. அமெரிக்க இராணுவத்தின் பொருளுதவியில் ஹனிவெல் நிறுவனம் 1980களில் உருவாக்கிய, குளிரூட்டத் தேவையற்ற வெப்ப உணரி, 1992இல் இரகசியத்திலிருந்து விடுபட்டது. அடுத்த கால் நூற்றாண்டில் அது பண்ணையாளரின் துப்பாக்கிமேல் ஏறிவிட்டது. விளக்கே வேண்டாம், குளிர்ந்த புல்வெளியில் எந்த உடலும் வெண்மையாய் ஒளிரும். இதில் கண்ணாடி இழை கிடையாது. திரையில் வரைந்த ஒரு குறிதான் உண்டு. காஸ்காய்னின் சிலந்திநூல் இங்கே மின்புள்ளிகளாக மாறிவிட்டது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். உணரியின் ஒரு புள்ளி 12 மைக்ரான். வில்லையின் குவியத்தொலைவு 35 மில்லிமீட்டர். பரவலாகக் கிடைக்கும் அளவுகள் இவை. நூறு மீட்டரில் ஒரு புள்ளி மூன்றரை சென்டிமீட்டர் அகலத்தை மூடும். முந்நூறு மீட்டரில் பத்து சென்டிமீட்டர். நாற்பது சென்டிமீட்டர் உயரமுள்ள நரி, அந்தத் தொலைவில் நான்கு புள்ளி உயரமும் ஆறேழு புள்ளி நீளமும் கொண்ட ஒரு வெண்திட்டு. ஆட்டுக்குட்டியும் அப்படித்தான் தெரியும். பக்கத்துப் பண்ணை நாயும் அப்படித்தான். பெரிதாக்கினால் புள்ளிகள்தாம் பெரிதாகும், உருவம் தெளியாது. தோட்டா சென்று சேரும் தொலைவுக்கு அறிவு சென்று சேரவில்லை. திருகு ஒவ்வொரு தலைமுறையிலும் நீட்டித்தந்த தொலைவைவிட, 'அது நரிதானா?' என்று உறுதிசெய்யும் தொலைவு எப்போதும் குறுகியே இருந்துவந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டுச் சட்டம் நாய்க்கூட்ட வேட்டையைத் தடைசெய்தது. இரவில் குறிபார்த்துச் சுடுவதைத் தடைசெய்யவில்லை. அங்கே மனிதரை நரி என்று எண்ணிச் சுட்டு, நீதிமன்றம் வரை போன வழக்குகள் உண்டு. அவ்வழக்குகளில் தோட்டா குறி தவறவில்லை என்பதை எண்ணும்போது நமக்கு உடல் நடுங்குகிறது.

இவ்வளவு பாடுபட்டும் நரி குறைந்ததா? விக்டோரியாவில் 2002, 2003 ஆண்டுகளில் நரிவாலுக்குப் பரிசுப்பணம் தந்து பார்த்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்கள் குவிந்தன. ஆராய்ந்தவர்களோ, மாநிலப் பரப்பின் மிகச் சிறு பகுதியில் மட்டுமே நரிகளின் எண்ணிக்கை அதனால் குறைந்திருக்கக்கூடும் என்றார்கள். சுடப்பட்டவற்றின் இடத்தைப் பக்கத்திலிருந்து வரும் இளநரிகள் விரைவில் நிரப்பிவிடுகின்றன. குட்டி ஈனும் பருவத்தில் ஓர் ஆட்டுப்பண்ணையைச் சில வாரங்கள் காக்கத் துப்பாக்கி உதவும். அந்த மட்டில் அதன் பயனை நாம் மறுக்கவில்லை. நம்பட்டுக்கும் பாறை வாலபிக்கும் மூச்சு விட இடம் தந்தது வேறொன்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் சிலவகை உள்நாட்டுச் செடிகளில் இயல்பாகவே உள்ள ஒரு நஞ்சு அது. அவற்றைத் தின்று பழகிய மண்ணின் விலங்குகள் தாங்கிக்கொள்ளும். வந்தேறிய நரி தாங்காது. 1980களில் ஜாக் கின்னியர் நரிகளை நஞ்சிட்டுக் குறைத்த பாறைக்குன்றுகளில் வாலபிகள் பலமடங்கு பெருகின. 1996 முதல் அம்மாநில அரசு அதையே பெருமளவில் செய்துவருகிறது. நஞ்சிடுதல் அழகான செயல் என்று நாம் சொல்லவில்லை. நஞ்சுண்ட நரியின் கடைசி மணித்துளிகளைப் பற்றிப் படித்தபின் அப்படிச் சொல்லவும் இயலாது.

இதற்கிடையே, நரிகள் வெகு நெருக்கமாக வாழும் இடங்களில் ஒன்று மெல்போர்ன் மாநகரமே. பூங்காக்களிலும் இரயில் பாதையோரங்களிலும் வீடுகளின் தரைக்கு அடியிலும் குடியிருந்து, இரவில் குப்பைத்தொட்டிகளைத் துழாவிச் செல்கின்றன. எந்தத் துப்பாக்கியும் அங்கே வெடிக்க முடியாது.